ஆமை ஏன் நகரவில்லை: பிழைச் செய்திக்கு உரை எழுதுவது குறித்து

பிரதி, வாசிப்பு, வாசகன் என்று முப்பது வருஷத்துக்கு மேலாகச் சிறுபத்திரிகைகளில் பேசித் தீர்த்திருக்கிறோம். சங்கப் பாட்டைப் பிரித்துப் போட்டோம், சினிமாவைப் பிரித்துப் போட்டோம், அரசாணையைக்கூட ஒரு கதையாடலாக வாசித்துக் காட்டினோம். ஆனால் மதுரையிலும் சுற்றுப்பட்டிலும் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் ராத்திரி பதினோரு மணிக்கு முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பிரதியை நம்மில் யாரும் வாசிக்க முன்வரவில்லை. பிழைச் செய்தி என்ற பிரதி. கறுப்புத் திரையில், ஆங்கிலத்தில், நாலு வரி. "எர்ரர் வருதுண்ணே" என்பார்கள். என்ன எர்ரர் என்று கேட்டால், "தெரியலண்ணே, ஏதோ செவப்பா வந்துச்சு." இந்தச் 'செவப்பா வந்துச்சு'தான் என் விஷயம்.

நான் ரோபாட் நிபுணன் இல்லை. கம்ப்யூட்டர் சரிபார்ப்பதும் லினக்ஸ் நிறுவிக் கொடுப்பதும் என் பிழைப்பு. (பிழையும் பிழைப்பும் இப்படி ஒட்டிக்கொண்டிருப்பதை மொழியியல் நண்பர்கள் யாராவது விளக்கினால் தேவலை.) சில வருஷங்களாக மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கமிருந்து மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிற மாணவர்கள் திரும்பத் திரும்பக் கொண்டுவருவது ஒரு சிக்கலைத்தான்: "ரோஸ் ஏற மாட்டேங்குதுண்ணே."

ரோஸ் என்பது ரோபாட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பதன் சுருக்கம். பெயர்தான் அப்படி. விண்டோஸ், லினக்ஸ் மாதிரியான இயங்குதளம் கிடையாது. பெரும்பாலும் லினக்ஸின் மேல் உட்கார்ந்துகொண்டு, ரோபாட்டின் ஒவ்வொரு வேலையையும் தனித்தனி நிரலாக ஓடவிட்டு, அவை தங்களுக்குள் சேதி அனுப்பிக்கொள்ள வழி செய்கிற ஏற்பாடு. கேமராவைப் பார்க்க ஒன்று, சக்கரத்தை ஓட்ட ஒன்று, எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போட ஒன்று. ஸ்டான்ஃபோர்டில் முளைத்து, 2007-லிருந்து கலிஃபோர்னியாவின் வில்லோ கராஜ் நிறுவனத்தில் வளர்ந்து, 2010-ல் முதல் பதிப்பு வந்தது. காசு கிடையாது, மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. வில்லோ கராஜ் 2014-ல் மூடப்பட்டது. அதன் பிறகு ரோஸை வளர்த்து வந்த ஓப்பன் ரோபாட்டிக்ஸின் வணிகப் பிரிவை 2022 டிசம்பரில் கூகுளின் தாய்க் குழுமமான ஆல்ஃபபெட்டின் இன்ட்ரின்சிக் வாங்கிக்கொண்டது. திறந்த மூலத்துக்குள் மூலதனம் வந்து உட்காரும் விதம் தனிக் கட்டுரைக்கானது, இங்கே வேண்டாம்.

ரோஸில் முதல் பாடம் ஓர் ஆமை. டர்ட்டில்சிம் என்று பெயர். நீலச் சன்னலுக்குள் சின்னதாக ஓர் ஆமை தோன்றும். அம்புக்குறி விசைகளை அழுத்தினால் பின்னால் கோடு இழுத்தபடி நகரும். ஆமை சும்மா வரவில்லை. 1940-களின் கடைசியில் பிரிஸ்டலில் கிரே வால்டர் என்ற நரம்பியலாளர் வெளிச்சத்தை நோக்கிப் போகும் இரண்டு எந்திரங்களைச் செய்து ஆமைகள் என்றே அழைத்தார். அங்கிருந்து அது சேமோர் பேப்பர்ட்டிடம் வந்தது. பேப்பர்ட் 1928-ல் பிரிட்டோரியாவில் பிறந்தவர். இளம் வயதிலேயே நிறவெறிக்கு எதிராக நின்றவர். ஜெனீவாவில் பியாஜேயுடன் வேலை பார்த்துவிட்டு அமெரிக்காவுக்குப் போனவர். 1967-ல் ஃபாய்ர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோருடன் சேர்ந்து லோகோ என்ற கணினிமொழியைக் குழந்தைகளுக்காக உருவாக்கினார். அதில் குழந்தை ஆமைக்குக் கட்டளை கொடுக்கும், ஆமை படம் போடும். அவர் 1980-ல் எழுதிய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் அடிப்படை வாதம் இதுதான்: பள்ளிக்கூடம் விடையைச் சரி, தப்பு என்று பிரிக்கிறது, நிரல் எழுதுகிற குழந்தைக்கோ தப்பு என்பது சரிசெய்ய வேண்டிய ஒன்று, அவ்வளவுதான். தப்பைத் திறந்து பார்க்கிறபோதுதான் படிப்பு நடக்கிறது.

அந்த ஆமைதான் இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் மடிக்கணினியில் நகராமல் நிற்கிறது. தப்பைத் திறந்து பார்க்கிற வழக்கம் மட்டும் அதோடு கூட வரவில்லை.

பாடக்குறிப்பு, அதாவது டுட்டோரியல், எப்படிப்பட்ட பிரதி? 'இதைத் தட்டு, அடுத்து இதைத் தட்டு, இப்போது இது தெரியும்' என்று போகும். அதற்குள் ஒரு வாசகர் முன்கூட்டியே உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் புது மடிக்கணினி இருக்கிறது, தடைப்படாத இணையம் இருக்கிறது, குறிப்பு எழுதப்பட்ட மாதத்தின் மென்பொருள் இருக்கிறது. 'இப்போது இது தெரியும்' என்ற வாக்கியம் அவருக்கு மட்டும்தான் உண்மை. தெரியாவிட்டால் என்ன செய்வது என்று எழுதியவர் சொல்வதில்லை, ஏனென்றால் அவருக்குத் தெரிந்தது. ஆசிரியன் செத்துப்போனான் என்று நாம் கொண்டாடிப் பேசிய காலம் ஒன்று உண்டு. இங்கே ஆசிரியர் உயிரோடு, அடுத்த பதிப்புக்குக் குடிபோய்விட்டார்.

பதிப்பு என்றதும் நம் மரபிலிருந்து ஒரு சொல்லை எடுக்க வேண்டியிருக்கிறது: பாடபேதம். 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. சுவடிக்குச் சுவடி பாடம் மாறுவதைக் கண்டு எத்தனை ஊர் அலைந்தார் என்று நமக்குத் தெரியும். எந்தச் சுவடியை வைத்துக்கொண்டு எந்த உரையைப் படிக்கிறோம் என்பது முதல் கேள்வி. நிறுவல் சிக்கல்களில் பாதிக்கு மேல், என் அனுபவத்தில், பாடபேதம்தான்.

அடிக்கடி வருவது இது: 'அன்ஏபிள் டு லொகேட் பேக்கேஜ் ரோஸ்-நோயட்டிக்-டெஸ்க்டாப்-ஃபுல்'. மாணவர் இதை 'இணையம் சரியில்லை' என்று வாசிக்கிறார். ஹாட்ஸ்பாட்டை மாற்றுகிறார், அறையை மாற்றுகிறார், மொட்டைமாடிக்குப் போகிறார். உரை வேறு. நோயட்டிக் என்பது 2020-ல் வந்த ரோஸ் பதிப்பு, உபுண்டு 20.04-க்கென்று கட்டப்பட்டது. மாணவரின் கணினியில் இருப்பதோ 22.04 அல்லது 24.04. நிறுவும் கட்டளை உங்கள் உபுண்டு எதுவென்று பார்த்து, கிடங்கில் அந்தப் பெயருள்ள அலமாரியைத்தான் திறக்கும். அலமாரி திறக்கிறது, அதில் நோயட்டிக் இல்லை. 'இந்த அலமாரியில் அப்படியொரு பொட்டலம் இல்லை' என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. இணையம் நன்றாகவே இருக்கிறது.

இதற்கு மருந்து, தன்னிடம் இருக்கிற உபுண்டுக்கு எந்த ரோஸ் என்று பார்ப்பது: 22.04 என்றால் ஹம்பிள், 24.04 என்றால் ஜாஸி. ஆனால் இந்த இரண்டும் ரோஸ் 2 என்ற வேறு வம்சம். அங்கே 'ரோஸ்ரன்' கிடையாது, 'ரோஸ்2 ரன்'. 'கேட்கின்' கிடையாது, 'கோல்கான்'. யூடியூபில் பார்த்த பாடம் பூராவும் பழைய வம்சத்துக்கானதாக இருந்தால், நிறுவல் முடிந்த பிறகும் ஒவ்வொரு வரியிலும் இடறும். பழைய வம்சத்தின் கடைசிப் பதிப்பான நோயட்டிக்கின் ஆதரவு 2025 மே 31-ஓடு முடிந்துவிட்டது. வீடியோக்கள் முடியவில்லை, அவை அங்கேயே இருக்கின்றன.

இன்னொரு பேதம் காலத்தினுடையது. கிடங்கிலிருந்து வரும் பொட்டலம் அசல்தானா என்று சரிபார்க்க ஒரு டிஜிட்டல் சாவி உண்டு. 2021 மே கடைசியில் ரோஸ் கிடங்கின் சாவி காலாவதியானது. அதற்கு முந்தைய நாள்வரை சாவியை ஏற்றிவைத்திருந்த கணினியெல்லாம் 'கையொப்பம் செல்லாது' என்று கத்தின. நீட்டித்த சாவியின் கெடு மறுபடி 2025 ஜூன் 1. அதையொட்டிச் சாவியைச் சேர்க்கும் முறையையே மாற்றினார்கள். ஆகவே பழைய பாடத்தைப் பார்த்துச் சாவி சேர்க்கிறவர் ஒரு தப்பும் செய்யாமலே தோற்பார். 'நான் வீடியோல சொன்ன மாதிரியேதான்ணே செஞ்சேன்' என்று கண்கலங்கி நிற்பார். உண்மைதான், அப்படியேதான் செய்திருப்பார்.

அடுத்தது 'ரோஸ்கோர்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்'. மூன்று ஜிபி இறக்கி, ஏற்றி, எல்லாம் நல்லபடி முடிந்தது என்று வந்த பிறகு, 'அப்படியொரு கட்டளையே இல்லை' என்கிறது. இதைப் பார்த்ததும் நம் ஆட்கள் செய்கிற காரியம் 'ஃபார்மட் போட்ருவோம்'. மதுரையில் எந்தக் கடைக்குப் போனாலும் முதல் வைத்தியம் அதுதான். ஃபார்மட் போடுவது சாட்சியத்தை எரிப்பது மாதிரி. என்ன நடந்தது என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது. உண்மையில் நடந்தது சின்ன விஷயம். கட்டளை தட்டுகிற சன்னல் சில அடைவுகளில் மட்டும்தான் தேடும். ரோஸ் உட்கார்ந்திருப்பது அந்தப் பட்டியலில் இல்லாத ஓர் அடைவில். 'சோர்ஸ்' என்று தொடங்கும் ஒரு வரி அந்த அடைவைப் பட்டியலில் சேர்க்கும், ஆனால் அந்தச் சன்னலுக்கு மட்டும். புதுச் சன்னல் திறந்தால் அதற்குப் பழைய ஞாபகம் கிடையாது. அந்த வரியை 'பேஷ்ஆர்சி' கோப்பின் கடைசியில் எழுதி வைத்தால் ஒவ்வொரு சன்னலும் பிறக்கும்போதே படித்துக்கொள்ளும். அதிலும் ஒரு வினை உண்டு. ஏற்கெனவே நோயட்டிக் வரி கிடக்க, ஹம்பிள் வரியையும் சேர்த்தால், 'வெவ்வேறு பதிப்புகளின் பாதைகளைக் கலக்காதே' என்று ஓர் எச்சரிக்கை வரும். சிவப்பாக வராததால் அதை யாரும் படிப்பதில்லை. ரெண்டு நாள் கழித்துச் சம்பந்தமே இல்லாத இடத்தில் உடையும்.

இந்த 'ரெண்டு நாள் கழித்து' என்பதுதான் வாசிப்பின் சூட்சுமம். மதுரையாசிரியர் நச்சினார்க்கினியரின் மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. எங்கோ கிடக்கிற சொல்லை எங்கோ கிடக்கிற சொல்லோடு மாட்டிப் பொருள் சொல்கிறார் என்று. முல்லைப்பாட்டை அவர் அப்படிப் பிய்த்துக் கோத்ததை மறைமலையடிகள் கடுமையாகவே மறுத்தார். கவிதைக்கு அந்த மறுப்பு நியாயம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் பிழைச் செய்தியை வாசிக்க நச்சினார்க்கினியர் மாதிரி ஆள்தான் வேண்டும். திரையின் கடைசி வரியில் இருப்பது பெரும்பாலும் விளைவு. காரணம் இருநூறு வரிக்கு மேலே, முதன்முதலில் 'எர்ரர்' என்ற சொல் வந்த இடத்தில் கிடக்கும். மேலே ஏறிப்போய் அதையும் இதையும் மாட்ட வேண்டும்.

சில செய்திகளில் மாட்டவேண்டியது அடுத்த வரியிலேயே இருக்கும், ஆனாலும் படிக்க மாட்டார்கள். சொந்தமாகப் பைத்தான் நிரல் எழுதி ஓடவிட்டால் 'குடிண்ட் ஃபைண்ட் எக்ஸிக்யூட்டபிள்' என்று வரும். 'ஃபைல் இல்லேங்குதுண்ணே, ஆனா இங்கதான இருக்கு!' அடுத்த வரி தெளிவாகச் சொல்கிறது: இவற்றைக் கண்டேன், ஆனால் இவை கோப்புகளாக இல்லை, அல்லது ஓடுவதற்கு அனுமதி பெறவில்லை. 'சிஎச்மாட்' என்ற கட்டளையால் அனுமதி கொடுத்தால் தீர்ந்தது. கொடுத்துவிட்டு ஓடவிட்டால் இன்னொன்று: 'பைத்தான்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'. மறுபடி அதே கோபம், ஃபைல் இங்கதான இருக்கு. எந்தக் கோப்பு இல்லை என்கிறது? நீங்கள் எழுதியதை இல்லை. அதன் முதல் வரி 'பைத்தான்' என்று ஒருவரைக் கூப்பிடச் சொல்கிறது. அந்தப் பெயரில் அங்கே ஆள் இல்லை. பைத்தான் 2-ன் ஆதரவு 2020 ஜனவரி 1-ஓடு முடிந்தது, உபுண்டு 20.04-லிருந்து ஆளின் பெயர் பைத்தான்3. முதல் வரியில் ஓர் எண்ணைச் சேர்த்தால் போதும். அல்லது 'பைத்தான்-இஸ்-பைத்தான்3' என்றே ஒரு பொட்டலம் இருக்கிறது, பெயரே ஓர் அரசாணை போல, அதை நிறுவிக்கொள்ளலாம்.

இதைவிடத் தந்திரமான செய்தி ஒன்று: 'இன்டர்னல் கம்பைலர் எர்ரர்: கில்ட்'. பிறகு, முழு விவரத்தோடு புகார் அனுப்புங்கள் என்று ஒரு வேண்டுகோள். நிரலைப் பெயர்த்துக் கட்டுகிற கம்பைலரே தன்னிடம் கோளாறு என்று ஒத்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது. நடந்தது கொலை, செத்தவர் தரும் வாக்குமூலம் இது. கொன்றது லினக்ஸின் கருவான கெர்னல். நினைவகம் தீர்ந்துபோகும்போது அதிகம் தின்கிற நிரலைக் கெர்னல் சுட்டுத்தள்ளும். சுடப்பட்டவனுக்குச் சுட்டது யாரென்று தெரியாததால் 'எனக்கு உள்ளே ஏதோ ஆயிருச்சு' என்கிறான். கெர்னலின் சொந்தக் குறிப்பேட்டை 'டிமெசேஜ்' என்ற கட்டளை காட்டும். அங்கே 'அவுட் ஆஃப் மெமரி' என்று பதிவாகியிருக்கும். 2011-ல் தமிழக அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அவற்றில் 2 ஜிபி ராம் இருந்தது. விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. அண்ணன், அக்காவுக்குக் கிடைத்த அந்தக் கணினியை வைத்துக்கொண்டு இன்றைக்கும் வருகிற தம்பிகளைப் பார்க்கிறேன். பாடக்குறிப்புக்குள் உட்கார்ந்திருக்கிற வாசகருக்கு 8 ஜிபியாவது இருக்கும். ஒரே சமயத்தில் ஒரு வேலை மட்டும் செய் என்று கம்பைலருக்குச் சொல்லி, வன்தட்டில் நாலு ஜிபியை நினைவகம் போலப் பயன்படுத்த ஒதுக்கிக் கொடுத்தால் 2 ஜிபியிலும் நடக்கிறது. பத்து நிமிஷ வேலை ரெண்டு மணி நேரம் ஆகும். ஆகட்டுமே.

அரசாங்கமும் ஒரு பிழைச் செய்தியாக வரும். 'ரோஸ்டெப் இனிட்' என்ற கட்டளை கிட்ஹப்பின் ஒரு முகவரியிலிருந்து ஒரு சின்னப் பட்டியலை இறக்கும். சில செல்பேசி இணைப்புகளில் அந்த முகவரி மட்டும் திறப்பதில்லை. நான் இதைப் பலமுறை கண்டேன். இணைப்பின் பெயர்த்தேடல் சேவையை வேறொன்றுக்கு மாற்றினால் உடனே திறக்கும். 2014 டிசம்பரில் இந்திய அரசு பயங்கரவாதத் தடுப்பு என்று சொல்லி கிட்ஹப், பேஸ்ட்பின், இன்டர்நெட் ஆர்கைவ் உள்ளிட்ட 32 தளங்களை முடக்க உத்தரவிட்டது பலருக்கு ஞாபகமிருக்கும். தணிக்கை என்றால் நமக்குப் புத்தகமும் படமும்தான் நினைவுக்கு வருகிறது. கொட்டாம்பட்டியில் உட்கார்ந்து ரோஸ் நிறுவுகிறவனுக்கு அது 'பட்டியலை இறக்க முடியவில்லை' என்ற ஒரு வரி. யார் முடக்கினார், எதற்கு முடக்கினார் என்று அந்த வரியில் இருக்காது.

இதெல்லாம் எதற்கு இந்தப் பத்திரிகையில் என்று நண்பர்கள் கேட்பார்கள். சொல்கிறேன்.

மதுரையில் 'ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்' என்று பலகை மாட்டிய மையங்களைப் பார்த்திருப்பீர்கள். பேருந்து நிலையத்தைச் சுற்றி, கல்லூரிச் சாலைகளில், மாடிப்படிக்குக் கீழே. உள்ளே போனால் கத்தரிக்காய் வாங்குவது மாதிரி ரோபாட் வாங்கலாம். பொம்மை, அச்சிட்ட அறிக்கை, வாய்மொழித் தேர்வுக்குக் கேள்வி பதில், எல்லாம் ஒரே விலைக்குள். அந்த மையத்தில் வேலை பார்க்கிற பையன்களைத் திட்ட எனக்கு மனமில்லை. போன வருஷமோ அதற்கு முந்தின வருஷமோ பட்டம் வாங்கி வேலை கிடைக்காதவர்கள் அவர்கள். பிழைச் செய்தியை வாசிக்கத் தெரிந்திருக்கிறது, அதை விற்கிறார்கள். விற்க முடிகிறது என்பதுதான் விஷயம்.

மேலூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர். அரசுப் பள்ளி, தமிழ்வழி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021-ல் பொறியியலுக்கும் நீட்டிக்கப்பட்ட 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் உள்ளே வந்தவர். தாய்மாமன் தூய்மைப் பணியாளர். மதுரையைச் சேர்ந்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தை (2017) போனில் பார்த்திருக்கிறார். மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதைத் தடுக்கிற சட்டம் 2013-லேயே வந்தும் சாவு நிற்கவில்லை என்பது அவருக்குப் புத்தகச் செய்தி அல்ல. கேரளத்தில் சில இளைஞர்கள் சேர்ந்து செய்த பேண்டிகூட் எந்திரம் 2018-ல் பயன்பாட்டுக்கு வந்ததையும் அறிந்திருந்தார். 'அம்புட்டுப் பெருசு வேணாம்ணே. குழாய்க்குள்ள போயி கேமராவுல பாத்துட்டு வர்ற மாதிரி ஒரு சின்ன வண்டி. உள்ள எறங்குறதுக்கு முன்னாடி என்ன இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்ல?' நல்ல யோசனை. எங்கள் ஊருக்கு இது புதுசும் இல்லை. ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையை எடுக்க மதுரை மணிகண்டன் உருவாக்கிய கருவி 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் அருகே மூன்று வயதுப் பையனை உயிரோடு மேலே கொண்டுவந்தது. 2019-ல் நடுக்காட்டுப்பட்டியில் சுஜித்தை எந்தக் கருவியாலும் மீட்க முடியாமல் போனது. இன்னும் நல்ல கருவி வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அந்த மாணவர் மூன்று வாரம் நிறுவலிலேயே நின்றார். அலமாரியில் இல்லாத பொட்டலம், ஞாபகமில்லாத சன்னல், கொல்லப்பட்ட கம்பைலர். வகுப்பில் கேட்டபோது 'இதுகூடத் தெரியாதா' என்று பதில் வந்திருக்கிறது. என்னிடம் வந்து சேர்ந்தபோது தேதி முடிந்துவிட்டது. ஏற்கெனவே ஒரு மையத்தில், வயலில் மருந்து தெளிக்கிற ரோபாட் ஒன்றைச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிவிட்டார். அம்மா நகைக்கடன் வைத்த பணம். அந்த ரோபாட் தேர்வு நாளில் ஒழுங்காக ஓடியது, மதிப்பெண்ணும் கிடைத்தது. குழாய்க்குள் போகிற வண்டி ஒரு நோட்டில் பென்சில் படமாக இருக்கிறது.

தமிழில் பாடக்குறிப்பு இருந்திருந்தால் இந்த நிலை வந்திருக்குமா என்று கேட்கலாம். தமிழில் இருக்கிறதே. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டம், கண்ணன் மௌட்கல்யா முன்னின்று நடத்தியது, லினக்ஸ், பைத்தான், ஆர்டுவினோ எல்லாவற்றுக்கும் பத்து நிமிஷ அளவிலான பாடங்களைத் தமிழ்க் குரலில் தருகிறது. 'கணியம்' 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிக் குவித்திருக்கிறது. இவை பெரிய காரியங்கள், நான் இவற்றால் பிழைத்தவன். ஆனால் ஸ்போக்கன் டுட்டோரியலில் குரல்தான் தமிழ், திரை ஆங்கிலம். வேறு வழியும் இல்லை. அந்தத் திரையில் எல்லாம் சரியாக நடக்கிறது. உன் திரையில் சரியாக நடக்காதபோது அந்தக் குரல் நின்றுவிடுகிறது. சரியாகப் போகிற பாதைக்குத் தமிழ் கிடைத்திருக்கிறது, இடறுகிற இடத்துக்குத் தமிழ் இல்லை. பேப்பர்ட் சொன்னதை ஏற்றால், படிப்பு நடக்கிற இடம் அதுதான்.

இப்போது செயற்கை நுண்ணறிவிடம் ஒட்டிக் கேட்டுவிடலாமே என்கிறார்கள். கேட்கலாம், நானும் கேட்கிறேன். உபுண்டு எது, ரோஸ் எது என்று முதலில் சொன்னால் நல்ல பதில் வருகிறது. சொல்லாமல் 'எர்ரர் வருது' என்று மட்டும் கேட்டால் ரெண்டு வம்சத்தின் கட்டளைகளையும் கலந்து கொடுத்து, மிக மரியாதையாக, இருந்த சிக்கலைப் பெரிசாக்கி அனுப்புகிறது. பாடபேதம் தெரியாதவருக்கு எந்த உரையாசிரியரும் உதவ முடியாது.

ஆகவே நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஒரு நோட்டு எழுதிவருகிறோம். பக்கத்தின் தலையில் உபுண்டு எண், ரோஸ் பெயர், ராம் அளவு, தேதி. இந்த நாலும் இல்லாத பக்கத்தை ஏற்பதில்லை. கீழே பிழைச் செய்தி, ஓர் எழுத்து விடாமல். அதன்கீழ் பதவுரை: ஒவ்வொரு சொல்லும் என்ன. அப்புறம் 'சொல்வது யார்' என்று ஒரு வரி, ஏனென்றால் சன்னல் சொல்வது வேறு, கிடங்கு சொல்வது வேறு, கொல்லப்பட்டவன் சொல்வது வேறு. அப்புறம் என்னவெல்லாம் மாற்றிப் பார்த்தோம், ஒரு தடவைக்கு ஒன்று மட்டும். தீராத பிழையும் தீராதது என்றே எழுதப்படும். அச்சிட்ட ஆய்வகக் கையேட்டிலிருந்து ஒட்டிய கட்டளைகளில் சாதாரணக் கோடு நீளக் கோடாகவும், நேர் மேற்கோள்குறி வளைந்த குறியாகவும் மாறியிருந்ததால் வந்த பிழைகள் மட்டும் அந்த நோட்டில் ஒன்பது பக்கம்.

நோட்டில் எனக்குப் பிடித்த பக்கம் ஆமையினுடையது. எல்லாம் நிறுவியாகிவிட்டது, ஆமை வந்துவிட்டது, அம்புக்குறியை அழுத்தினால் நகரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. ஒரு பெண் ரெண்டு முறை அழித்து நிறுவியிருக்கிறார். காரணம்: விசைகளைக் கேட்டுக்கொண்டிருப்பது கட்டளைச் சன்னல், ஆமைச் சன்னல் அல்ல. ஆமையை நகர்த்த ஆமையின் மேல் சொடுக்குவதுதான் எவருக்கும் தோன்றும். சொடுக்கியதும் விசைகள் ஆமைச் சன்னலுக்குப் போகின்றன, அங்கே கேட்பாரில்லை. மறுபடி கறுப்புச் சன்னலைத் தொட்டுவிட்டு அழுத்த வேண்டும். அந்தப் பெண் எழுதிய உரை ஒரே வரி: 'ஆமைக்குக் காது இங்க இல்ல, அந்தச் சன்னல்ல இருக்கு.'

எங்களுக்குள் தீராத சண்டை ஒன்று இருக்கிறது. பிழைச் செய்தியையே தமிழாக்கிவிட வேண்டும் என்கிறார் தமிழாசிரியரான நண்பர். உரை மட்டும் தமிழில் இருந்தால் மூலம் என்றைக்கும் ஆங்கிலம்தானே, நம் பிள்ளைகள் காலம் பூராவும் உரையாசிரியரை அண்டியே இருக்கணுமா என்கிறார். என் கட்சி வேறு. செய்தியைத் தமிழாக்கினால், அதே இடத்தில் இடறிய பிரேசில்காரர், கொரியாக்காரர் எழுதி வைத்த தீர்வைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போகும். ஆங்கில வரி ஒரு முகவரி மாதிரி, அதை மாற்றக் கூடாது. அவர் விடவில்லை. செய்தி தமிழில், ஓரத்தில் ஓர் எண், எண்ணை வைத்துத் தேடிக்கொள்ளலாம் என்று போன வாரம் ஒரு மாற்றுயோசனை கொண்டுவந்தார். எண்ணை யார் கொடுப்பது என்று கேட்டேன். அதைப் பேசி முடிப்பதற்குள் ரெண்டு பேர் மடிக்கணினியோடு வந்துவிட்டார்கள், ஒன்றில் ஹம்பிள், ஒன்றில் என்ன பதிப்பு என்றே தெரியவில்லை.